ஆறாம் சுருள்

தபால் பெட்டி எண் 1142, வளைகுடா
15.10.1976

சௌந்திரத்துக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை, வேலுசாமியின் சட்டைப் பையில் வருகிறது. அதனால் கொஞ்சம் தாராளமாக எழுதுகிறேன். இங்கே சிமெண்ட் லாரி ஓட்டுகிற வாழப்பாடிக்காரன் என்று போன தடவை எழுதினேனே, அவன்தான். தீபாவளிக்குள் ராசிபுரம் வந்து உன்னிடம் பெட்டியைக் கொடுத்துவிடுவான். உனக்கு இரண்டு ஜப்பான் சேலை, அம்மாவுக்குத் தைலம், பால்பவுடர் எல்லாம் இருக்கும். அடியில் லுங்கியில் சுற்றிய மூட்டை ஒன்று இருக்கும். அதை நீ பிரிக்க வேண்டாம். சேலத்தில் உன் அண்ணன் கொலுசுப் பட்டறைக்குக் கொடுத்தனுப்பு.

பிரிக்காதே என்றால் முதலில் அதைத்தான் பிரிப்பாய், எனக்குத் தெரியாதா. நானே சொல்லிவிடுகிறேன். உள்ளே ஆறு பிலிம் சுருள் இருக்கிறது.

எங்கள் டெலிவிஷன் ஸ்டேஷனில் வியாழக்கிழமைதோறும் மாலை ஒரு லண்டன் தொடர் போடுகிறோம், ஆறு வாரத்துக்கு ஒரு கதை. கலங்கரை விளக்கம் ஒன்று அப்படியே தரையை விட்டுக் கிளம்பிக் கிரகம் கிரகமாகப் போகிறது. உள்ளே அதன் காவல்காரக் கிழவரும் அவர் மருமகளும். கேட்டால் சிரிப்பாய். ஆனால் அந்த அரை மணி நேரம் இந்த ஊரில் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. படம் லண்டனிலிருந்து நேராக எங்களிடம் வருவதில்லை. சைப்ரஸ், நைஜீரியா என்று நாடு நாடாக ஓடிவிட்டு வரும். டப்பா மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டாம்பைப் பார்த்தால், நம் இரண்டு குடும்பமும் சேர்ந்து பார்த்த ஊரைவிட அது பார்த்த ஊர் அதிகம். எங்களுக்கு அப்புறம் அனுப்ப நாடு இல்லை. ஓட்டி முடித்ததும் எரித்துவிட்டு, எரித்தோம் என்று இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு லண்டனுக்கு அனுப்ப வேண்டும்.

எரிப்பதாம்! சேலத்தில் எந்தக் கொட்டகைக்காரனாவது படத்தை எரிப்பானா? ஒன்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தவன் நான். கறுப்பு வெள்ளைப் படத்தைக் கழுவினால் வெள்ளி இறங்கும் என்பது செவ்வாய்ப்பேட்டையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆறு சுருளில் ஒரு ஜோடிக் கொலுசாவது தேறும். "மாப்பிள்ளை வெளிநாட்டுல பிலிம் சுத்தறாரு, நமக்கு ஒரு முழம் பிலிம் வந்துச்சா" என்று நம் கல்யாண நாளிலிருந்து குத்திக்கொண்டிருக்கிற மச்சான் வாயை இதோடு அடைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

செப்டம்பரில் முடிந்த பழைய கதைச் சுருள்தான், யாருக்கும் நஷ்டமில்லை. டிரம்மில் பழைய அட்டையையும் லேபிளையும் போட்டுக் கொளுத்தினேன். என்னோடு வேலை பார்க்கும் ஆத்தூர் சரவணமுத்துதான் இரண்டாவது கையெழுத்து. "எரிச்சாச்சா அண்ணே?" என்றான். ஆச்சு என்றேன். போட்டுவிட்டான்.

இதை நீ மூன்றாம் பேரிடம் சொல்லாதே.

கைலாசம்


ராசிபுரம்
24.10.1976

அன்புள்ள மாமாவுக்குச் சௌந்திரம் எழுதுவது,

வேலுசாமி தீபாவளிக்கு முதல் நாள் வந்தார். சேலை நன்றாக இருக்கிறது. அத்தைக்கு முழங்கால் வலி தைலத்தைப் பார்த்ததுமே பாதி போய்விட்டது. நல்ல செய்தி இவ்வளவுதான், இனி நான் திட்டப் போகிறேன்.

என்னிடம் ஒரு சேலைக்கு நிறம் கேட்டு மூன்று கடிதம் எழுதுகிற நீங்கள், இந்த வேலையைச் செய்வதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டீர்களா? எரிக்கச் சொன்னார்கள், எரிக்கவில்லை. எரித்ததாகக் கையெழுத்துப் போட்டீர்கள். போதாததற்கு ஒன்றும் அறியாத ஒருவரையும் போட வைத்தீர்கள். அந்த ஆத்தூர்க்காரர் உங்களை அண்ணே என்று கூப்பிடுகிறவர்தானே? மடியில் கனமில்லாமல் இருந்தவருக்கு நீங்களே கனத்தைக் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள்.

அண்ணன் தீபாவளிக்கு வந்தபோது மூட்டையைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்து, கையில் தூக்கி எடை பார்த்து, "கைலாசம் ஆளுதான் புள்ள, நாந்தான் தப்பா நெனச்சிப்போட்டேன்" என்றார். உங்களைப் பற்றி அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. திருட்டுச் சாமான் கொடுத்தால் வருகிற மரியாதை நமக்கு எதற்கு?

பட்டறை ஆட்கள் தீபாவளி நோன்பு முடிந்து வந்ததும் ஊறப்போடுவாராம். காஸ்டிக் தண்ணீரில் போட்டால் இரண்டு நாளில் கறுப்பெல்லாம் வண்டலாக இறங்கிவிடும், அதை உருக்கினால் வெள்ளி என்று எனக்குப் பாடம் எடுத்தார். நான் காதில் வாங்கவில்லை.

செய்தது செய்தாயிற்று. இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த கதையை எரிக்கச் சொன்னால் எரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், கம்பளியை மறக்க வேண்டாம்.

சௌந்திரம்


தபால் பெட்டி எண் 1142
2.11.1976

சௌந்திரம்,

உன் திட்டுக் கடிதம் இன்னும் வரவில்லை. அது வரும் என்று தெரியும், நியாயமாகத்தான் இருக்கும். இப்போது அதற்கு நேரமில்லை. இதைப் படித்த உடனே, அடுப்பில் உலை இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு, சேலம் பஸ் ஏறு.

மூட்டையில் ஒரு சுருள் மாறிப் போய்விட்டது.

மூட்டை கட்டிய அன்று மேஜை மேல் பழைய கதைச் சுருள்களோடு, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் புதிய கதையின் கடைசிச் சுருளையும் டப்பாவிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். வெளியே கார் சத்தம் கேட்டது. மேனேஜர்தானோ என்று பதறி அவசர அவசரமாகக் கட்டினேன். இன்று அலமாரியில் ஆறாம் பாகம் என்று எழுதிய டப்பாவைத் திறந்தால் உள்ளே பழைய கதையின் ஆறாம் பாகம் கிடக்கிறது. அப்படியென்றால் புதிய கதையின் ஆறாம் பாகம் உன் அண்ணன் பட்டறையில் இருக்கிறது. ஒன்பது வருஷத்தில் ஒரு சுருளை மாற்றி ஓட்டியவனில்லை நான். திருட்டு வேலை செய்த அன்றைக்கென்று கை தடுமாறியிருக்கிறது.

புதிய கதை இரண்டு பாகம் ஓடிவிட்டது. ஆறாம் பாகம் நவம்பர் 25, வியாழக்கிழமை. அதற்குள் சுருள் என் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் அலமாரியைத் தேடுவார்கள், எரித்த கணக்கைத் தோண்டுவார்கள். இங்கே திருட்டு என்றால் போலீஸ்தான். என் பாஸ்போர்ட் மேனேஜர் பெட்டியில் இருக்கிறது. எப்போது விடுவார்கள், விடுவார்களா என்று யாருக்கும் தெரியாது.

சுருளை அடையாளம் காண வழி சொல்கிறேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஆரம்பத்தில் வெறும் கறுப்பு, பிறகு எண்கள், பிறகு கலங்கரை விளக்கம், அதன் மேல் ஆங்கில எழுத்து. எழுத்தின் கடைசியில் 6 என்ற எண் இருக்கும். படம் சுண்டுவிரல் நகம் அளவுதான். அண்ணன் கொலுசுத் திருகு பார்க்கக் கண்ணில் மாட்டுவாரே, அந்த லென்ஸை வாங்கிப் பார்.

தந்தி அடிக்காததற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டேஷன் தந்தியெல்லாம் போகிற அதே கவுண்டரில்தான் நானும் நிற்க வேண்டும். இதைத் திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் கையில் அனுப்புகிறேன். வேலுசாமி 19ஆம் தேதி சேலத்தில் பம்பாய் வண்டி ஏறுகிறான். அவனிடம் சேர்த்துவிடு.

அண்ணன் ஏற்கெனவே ஊறப்போட்டிருந்தால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க முடியவில்லை.

கைலாசம்


ராசிபுரம்
9.11.1976

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் 7ஆம் தேதி வந்தது. எட்டாம் தேதி முதல் பஸ்ஸில் போனேன். சுருள் கிடைத்துவிட்டது. இதை முதலில் படித்துவிட்டு ஒரு வாய்த் தண்ணீர் குடியுங்கள், பிறகு மீதியைப் படியுங்கள்.

பட்டறைக்குள் நுழையும்போதே கொல்லைப்புறம் கண்ணில் பட்டது. அங்கே கொடி கட்டி, துணி காயப்போட்டது போல பிலிமைத் தொங்கவிட்டிருந்தார்கள். படம் ஒன்றுகூட இல்லை. கண்ணாடி மாதிரி வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன புள்ள, விடியறதுக்குள்ள வந்து நிக்கறே? மாமியாளோட சண்டையா?" என்றார் அண்ணன்.

"அண்ணா, அந்தச் சுருள் எத்தன மிச்சம் இருக்குது?"

"எந்தச் சுருளு?" என்றார். முகம் மாறிவிட்டது.

நான் காரணத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவருக்குப் பயம் வந்துவிட்டது. போலீஸ் என்ற ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. "எல்லாம் கழுவியாச்சு. ஒண்ணும் இல்ல. என்ற பட்டறைக்கு எந்த மூட்டையும் வரல, நீயும் கொண்டாரல. அப்படியே மறந்துபோடு" என்று எழுந்து கல்லாப்பெட்டிப் பக்கம் போய்விட்டார். உங்களை ஆள்தான் என்று மெச்சிய அதே வாய்.

எனக்கு வந்த கோபத்தில், கூடப் பிறந்தவர் என்றுகூடப் பார்க்கவில்லை. "கொடியில நாலு சுருளுதான் தொங்குது, நான் எண்ணிப்போட்டுத்தான் உள்ள வந்தேன். மிச்சம் ரெண்டு எங்கே? எடுக்காட்டி இந்த வாசப்படியிலயே உக்காந்துக்குவேன், தெருவே வந்து ஏனுங்கன்னு கேக்கட்டும்" என்றேன். அண்ணி உள்ளேயிருந்து வந்து அண்ணனை முறைத்தார். அண்ணியே போய்க் காஸ்டிக் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த சாக்கை எடுத்து வந்து போட்டார். அன்றைக்கு மதியம் தொட்டியில் விழ வேண்டியவை அந்த இரண்டும்.

லென்ஸை மாட்டிக்கொண்டு வாசல் வெயிலில் நின்று பார்த்தேன். முதல் சுருளில் யாரோ குகைக்குள் ஓடுகிறார்கள், எண் 3. இரண்டாவதில் நீங்கள் சொன்ன கலங்கரை விளக்கம், 6 என்ற எண். இன்னும் கொஞ்சம் பிரித்துப் பார்த்தேன். ஒரு பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கிழவர் வெளியே மணலில் நிற்கிறார். அவள் வாய் திறந்திருக்கிறது. அடுத்த படத்திலும் அப்படியே, அதற்கடுத்ததிலும் அப்படியே. என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. மெட்ராஸிலேயே இப்போதுதான் டெலிவிஷன் வந்திருக்கிறதாம். நான் பார்த்த முதல் டெலிவிஷன் படம் இதுதான்.

அங்கிருந்து நேரே வாழப்பாடி போனேன். வேலுசாமி முதலில் முடியாது என்றார். "கஸ்டம்ஸ்ல புடிச்சா என்ற பொழப்பு போயிருமுங்க அக்கா" என்றார். நியாயம்தான். ஆனால் வரும்போது கொண்டு வந்தாரே, அப்போது போகாத பிழைப்பா? அப்படிக் கேட்டதும் தலையைச் சொறிந்தார். கடைசியில் 19ஆம் தேதி ஜங்ஷனில் கொண்டு வந்து கொடுக்கச் சொல்லி ஒப்புக்கொண்டார். அதுவரை சுருள் நம் வீட்டு அரிசிக் குதிருக்குள் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் வீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் மாரக்காள், ஆத்தூர். உங்கள் சரவணமுத்துவின் மனைவி. புருஷனுக்கு எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்ப வந்திருக்கிறாள். ஏழு மாதம். நான் யாரென்று தெரிந்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க வீட்டுக்காரரு இருக்கறதாலதான் அக்கா நான் நிம்மதியா தூங்கறேன். அண்ணன் சொன்னா கண்ண மூடிக்கிட்டு செய்வேன்னு எழுதுவாரு" என்றாள். என் மடியில் இருந்த பையில்தான் சுருள் இருந்தது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சௌந்திரம்


தபால் பெட்டி எண் 1142
14.11.1976

சௌந்திரம்,

நீ சேலம் போனாயா, சுருள் கிடைத்ததா, ஒன்றும் தெரியாமல் எழுதுகிறேன். கிடைத்திருந்தாலும் இனி அனுப்ப வேண்டாம். தொட்டியில் போடச் சொல்லிவிடு. இல்லை, நீயே அடுப்பில் போட்டுவிடு. ஒரு துண்டுகூட மிஞ்சக் கூடாது.

நேற்று எல்லாம் வெளியே வந்துவிட்டது. அடியில் அரபு எழுத்துப் போடுகிறவர் கடைசிப் பாகத்தை முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சரவணமுத்து டப்பாவைத் திறந்தான், பழைய படம் வந்தது. மேனேஜர் லண்டனுக்கு டெலக்ஸ் அடித்து வேறு பிரதி கேட்டார். இன்று பதில் வந்தது. வேறு பிரதி உலகத்திலேயே கிடையாதாம். மூல டேப்பை லண்டனிலேயே அழித்து அதன் மேல் வேறு நிகழ்ச்சி எடுத்துவிட்டார்களாம். எங்களிடம் இருந்ததுதான் கடைசி.

எரித்ததாகச் சொன்ன சுருள் டப்பாவுக்குள் எப்படி இருக்கிறது என்று மேனேஜர் கேட்டார். அலமாரிச் சாவி சரவணமுத்துவிடம்தான். காகிதத்தில் அவன் கையெழுத்தும் இருக்கிறது. லண்டன் படத்தை வெளியாட்களுக்கு விற்றிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவன் அழவில்லை. என் பக்கம் திரும்பி, "அண்ணே, அன்னிக்கு நீங்க எல்லாத்தையும் எரிச்சீங்கதானே?" என்று கேட்டான். மேனேஜரும் என்னைப் பார்த்தார்.

எரித்தேன் என்று சொன்னேன்.

வேறு என்ன சொல்வது, சௌந்திரம்? ஆமாம், இல்லை என்ற இரண்டு சொல்தான். இல்லை என்றால் அந்த நிமிஷமே நான் போனேன். அம்மா, நீ, கட்டிப் பாதியில் நிற்கிற வீடு, எல்லாம் அந்த நிமிஷம் கண்ணில் வந்தது. எரித்த ஆறில் ஒன்று எரியாமல் அலமாரியில் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். அதைச் சேர்த்துச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இன்று சாயங்காலம் போலீஸ் ஜீப் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அவனுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. விசாரித்துவிட்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆத்தூரில் அவன் அப்பாவுக்கு மரவள்ளிக் காடு இருக்கிறது, பிழைத்துக்கொள்வான். நமக்கு என்ன இருக்கிறது? வெள்ளிக்கிழமை ஒரு கல்யாண வீட்டுக்குப் போகிறவர் சேலம் வருகிறார், அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். அந்தச் சுருள் இருக்கிற வரைக்கும்தான் சாட்சி. அது இல்லையென்றால் ஒன்றும் இல்லை. என் மேல் ஆணை, அழித்துவிடு.

கைலாசம்


சேலம் ஜங்ஷன், சூரமங்கலம்
19.11.1976, மதியம்

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை இன்று காலை வாசலில் கொண்டு வந்து கொடுத்தார்கள். நான் சுருளை எடுத்துக்கொண்டு ஜங்ஷனுக்குக் கிளம்பி நின்ற நேரம். பஸ்ஸில் நான்கு தடவை படித்தேன். இப்போது பிளாட்பாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேலுசாமி டிக்கெட் கவுண்டரில் நிற்கிறார். வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.

மரவள்ளிக் காடு இருக்கிறதாம், பிழைத்துக்கொள்வாராம். இதை எழுதியபோது உங்கள் கை நடுங்கவில்லையா? கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சுருளை மாற்றிக் கட்டியது கைத்தவறு, அதை நான் மன்னித்துவிட்டேன். அண்ணனிடம் நல்ல பேர் வாங்க நினைத்ததும் அசட்டுத்தனம், போகட்டும். ஒருவன் முகத்துக்கு நேரே நின்று அண்ணே என்று கேட்கும்போது பொய் சொன்னது எந்தக் கணக்கில் வரும்?

ஜெயிலுக்குப் போனவன் பெண்டாட்டி என்று மாரக்காளைச் சொல்லப் போகிறார்கள். ஒன்பதாம் மாதம் அவள் தலை குனிந்து அம்மா வீட்டுக்குப் போவாள். குழந்தை பிறந்தால் அப்பன் திருடன் என்பார்கள். நான் மட்டும் வளைகுடாக்காரர் மனைவி என்று ஜப்பான் சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போக வேண்டுமா? என்னால் முடியாது.

ஆணை வைத்திருக்கிறீர்கள். ஆணையை மீறினால் உங்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இந்த ஜங்ஷனிலும் அடுப்பு எரிகிறது, டீக்கடைக்காரர் நாலடி தூரத்தில்தான் நிற்கிறார். ஒரு நிமிஷ வேலை. எழுந்துகூடப் போனேன். பாய்லரை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

சுருள் வேலுசாமியிடம் போகிறது. மாரக்காளின் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்திலேயே வைத்துக் கட்டியிருக்கிறேன். நேரே உங்கள் மேனேஜரிடமே கொடுத்துவிடச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. நீங்களாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? கேட்க ஒருவரும் இல்லை. என்னைத் தவிர.

வேலை போனால் வாருங்கள். பழைய கொட்டகையில் ஆபரேட்டர் வேலை கிடைக்காவிட்டால் தறி இருக்கிறது, நான் நெய்கிறேன், நீங்கள் பாவு ஓட்டுங்கள். பாதி வீட்டுக்கு ஓலை வேய்ந்துகொள்ளலாம். ஜெயில் என்றால் நான் காத்திருக்கிறேன். அத்தையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆத்தூர்க்காரரை உள்ளே வைத்துவிட்டு நீங்கள் இங்கே வந்து இறங்கினால், நான் உங்கள் எதிரே சோறு வைப்பேன், பேச மாட்டேன். இதை மிரட்டலாக எழுதவில்லை. என்னால் பேச முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

வேலுசாமி வருகிறார்.

சௌந்திரம்


தபால் பெட்டி எண் 1142
26.11.1976

சௌந்திரம்,

வேலுசாமி செவ்வாய்க்கிழமை வந்து கொடுத்தான். உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சுருளைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். உனக்கு மறைக்காமல் சொல்கிறேன், புதன்கிழமை முழுக்க அது அங்கேயேதான் இருந்தது. நான் வேலைக்குப் போய் வந்தேன், சாப்பிட்டேன், துணிகூடத் துவைத்தேன். உன் மேல் வந்த கோபத்தை உன்னிடம் காட்ட வழியில்லாமல் வேலுசாமியைத் திட்டினேன்.

நேற்று வியாழன். காலை பத்து மணிக்கு மேனேஜர் அறைக்குப் போனேன். சுருளை மேஜை மேல் வைத்தேன். "பிலிம் சுற்றுகிற மேஜைக்குப் பின்னால் கிடந்தது சார்" என்றேன். ஆமாம், இதைத்தான் சொன்னேன். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்த பொய் இது. யாருக்கும் சேதமில்லாத பொய், அவனும் வெளியே வருவான், நானும் தப்பிப்பேன் என்று நினைத்தேன். மேனேஜர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உலகத்தில் இருக்கிற ஒரே சுருள் அல்லவா.

பிறகு உட்கார்ந்து, "அப்படியென்றால் அஜாக்கிரதையாக அங்கே போட்டது சரவணமுத்துதான். திருடனில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். வேலைக்கு வேண்டாம், ஊருக்கு அனுப்பிவிடலாம்" என்றார். பேனாவை எடுத்துவிட்டார்.

நான் தலையை ஆட்டினால் போதும். ஆட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் எழுத ஆரம்பித்ததும், அவன் கையெழுத்துப் போட்ட மாதிரியே நானும் ஒரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. "அவன் போடவில்லை சார், நான்" என்றேன். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. வெள்ளி, மச்சான், டிரம், மூட்டை, நீ பட்டறையில் போராடியது வரைக்கும் எல்லாம் சொல்லிவிட்டேன். என் ஆங்கிலத்தில் எவ்வளவு அவருக்குப் புரிந்ததோ. முடிந்ததும் அவர் பேனாவை மூடி வைத்தார். "வெள்ளிக்காகவா?" என்று மட்டும் கேட்டார்.

போலீஸைக் கூப்பிட அவர் போனை எடுத்தபோதுதான் அவருக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. சாயங்காலம் ஏழரைக்கு ஆறாம் பாகம். சரவணமுத்துவை வெளியே விடக் காகிதம் எழுதி முடிக்க இரவாகிவிடும். அந்த மெஷினை ஓட்ட எங்கள் இரண்டு பேரை விட்டால் ஆளில்லை. அதனால் வாசலில் ஒரு போலீஸ்காரரை நிறுத்திவிட்டு என்னையே ஓட்டச் சொன்னார்.

நானே ஓட்டினேன், சௌந்திரம். இந்த ஊர் முழுக்கப் பார்த்தது. நீ பார்த்த அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடம் வந்தது. "உள்ளே வாருங்கள், இனிமேல் கதவு திறக்காது" என்றுதான் கத்துகிறாள். கிழவர் வரவில்லை. ஒரு கீறல் இல்லாமல் கடைசி வரைக்கும் ஓடியது. முடிந்ததும் சுருளைத் திருப்பிச் சுற்றி, டப்பாவில் வைத்து, மூடி, மேனேஜர் கையில் கொடுத்தேன். அதை லண்டனுக்கே திருப்பி அனுப்பப் போகிறார்களாம்.

என்னை ஒரு ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். படம் திரும்பிவிட்டதால் மேனேஜர் வழக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். விசாவை அடித்துவிட்டார்கள். இனி இந்த நாட்டுக்குள் வர முடியாது. திங்கட்கிழமை விமானம், வியாழன் காலை ஜங்ஷனில் இறங்குவேன்.

சரவணமுத்துவுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது, இனி என் இடமும் அவனுக்குத்தான். இன்று காலை என் பெட்டியை எடுக்கப் போனபோது நாங்கள் இருவரும் தங்கியிருந்த அறையில் இருந்தான். பன்னிரண்டு நாளில் பாதியாகிவிட்டான். நான் ஏதேதோ சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே சட்டையை மடித்தான். கடைசியில், "அன்னிக்கு நான் காகிதத்தப் படிக்கல அண்ணே. உங்க மூஞ்சியப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றான். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ பேசுவாயா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. ஜங்ஷனுக்கு அம்மாவைக் கூட்டி வராதே, நீ மட்டும் வா. இதை இன்று ஊருக்குக் கிளம்புகிற ஒருவர் கையில் அனுப்புகிறேன், பதில் போட வேண்டாம், வாங்குவதற்கு இந்தப் பெட்டி எண்ணில் நான் இருக்க மாட்டேன்.

கைலாசம்